ஓடிக்கொண்டிருப்பதன் எண்

நரினில் காலை ஏழு மணி. வெளியே மைனஸ் இருபத்துமூன்று.
நிலநடுக்க அட்டை ராத்திரியிலிருந்து ஊமை.
இலேபெஸ் நேற்று எல்லாவற்றையும் புதுப்பித்தான்,
அட்டையின் டிரைவரைக் கழற்றினான்,
திரும்ப மாட்ட முடியாமல்
குதிரை வாங்க அட்-பாஷிக்குப் போய்விட்டான்.
அந்த ஊர்ப் பெயருக்கே
குதிரைத் தலை என்றுதான் பொருள்.

எனக்கும் தலைப் பிரச்சினைதான்.
வட்டில் மூன்று தலைப்புக் கோப்புறைகள்:
ஐந்து புள்ளி பத்தில் இரண்டு,
ஆறு புள்ளி ஒன்றில் ஒன்று,
நேற்று இறங்கியது, பளபளவென்று.

இலேபெஸ் புதியதை எடுத்திருக்கிறான்.
யார்தான் எடுக்கமாட்டார்?
கம்பைலர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல்
கட்டிக் கொடுத்திருக்கிறது.
ஏற்றும்போதுதான் வாசலில் நிறுத்தி
வடிவம் செல்லாது என்கிறது கர்னல்.

தலைப்புக் கோப்பில் உடம்பு கிடையாது.
இன்னின்ன பெயரில் கூப்பிடு,
இத்தனையாவது பைட்டில் கை நீட்டு,
நான் இருப்பேன் என்ற வாக்கு மட்டும்.
யார் கொடுத்த வாக்கு
என்பதில்தான் எல்லாம்.

இயந்திரத்தையே கேட்டேன், நீ யார் என்று.
ஐந்து புள்ளி பத்து, பத்தொன்பதாவது கட்டு, என்றது.
வட்டு மாறியது அதற்குத் தெரியாது.
நானூற்றுப் பதினொரு நாளாக
நினைவகத்தில் நின்றபடி ஓடுகிறது.
நிறுத்தி எழுப்பலாமே என்பீர்கள்.
இன்னும் இரண்டு மலை நிலையங்கள்
இதன் வழியாகத்தான் பேசுகின்றன.
பிஷ்கெக்கிலிருந்து அனுமதிக் கடிதம் வரவேண்டும்.
வட்டுக்கும் வயதாகிவிட்டது,
நின்றால் மறுபடி சுழலுமா, சத்தியம் செய்ய ஆளில்லை.

ஆக, நாளை எழப்போகிறவனின் தொப்பியை
இன்று நடக்கிறவன் தலையில்
அழுத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

பழைய கோப்புறையை அவன் துடைத்திருக்க வேண்டும்.
துடைக்கவில்லை.
இலேபெஸின் சோம்பலுக்கு
இந்த ஒரு காலை மட்டும் நன்றி.

பத்தொன்பதையே காட்டிக் கட்டினேன்.
பதினோரு எச்சரிக்கை, பிழை இல்லை.
ஏற்றினேன்.
ஒரு குரூத் உருண்டையை வாயில் அடக்கிக்கொண்டு
திரையைப் பார்த்தேன்:
கோடு முதலில் நேராக,
பிறகு சன்னமாக நடுங்கியது.

பூமி இல்லை.
கீழ்ச்சாலையில் நிலக்கரி லாரி.

கடிதம் வரும் நாளில் இதே வேலை மறுபடியும்,
அப்போது ஆறு புள்ளி ஒன்றுக்கு.
காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்:
இலேபெஸ், புதியதா பழையதா என்று பார்க்காதே,
ஓடுவது எது என்று கேள்.
அடியில், சின்னதாக:
குதிரை எப்படி?