பத்து கிலோவுக்குக் குறைந்தது

பகாவ் செம்பனை ஆலையின் எடைமேடை
பத்து கிலோவுக்குக் குறைந்ததைக் கண்டுகொள்ளாது.
லோரியில் பூனை ஏறினாலும் இறங்கினாலும்
அதற்கு ஒன்றுதான்.
இதில் வைத்துப் பார்க்கலாமா என்று வந்து நின்றான்
ஏர்கோன் பழுதுபார்க்கும் கோமளேஸ்வரன்.
கையில் ஒரு செம்புக் கூம்பு,
இரு முனையும் ஈயம் பற்றி மூடியது.
உள்ளே
பழைய மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து பிடுங்கிய இதயம்.

எதையும் பின்னால் வீசாமல் முன்னால் போகுமாம்.
புகை கிடையாது, எரிபொருள் கிடையாது.
உள்ளே அலைகள் முட்டி முட்டி
ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக உதைக்குமாம்.
எவ்வளவு?
ஓர் எறும்பு எடை.
முசுறா, சிற்றெறும்பா என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

நடுவில் சுல்கிப்ளியின் லோரி.
பதினெட்டு டன். சீட்டு அடித்தேன்.

வெற்றிடம் வெறும் இடமில்லை, கடன் கொடுக்கும் என்றான்,
ஆ லியோங் கடை 555 புத்தகம் மாதிரி.
சின்னக் கடனுக்குச் சற்று நேரம் கிடைக்கும்.
பெரிய கடனோ, வாங்கிய கையோடு கட்டியாக வேண்டும்.
அதை மட்டும் இழுத்தடிக்க முடிந்தால்
முன்னால் வெளியை மடித்து
பின்னால் பிரித்துவிடலாம்,
கப்பல் இருந்த இடத்திலேயே இருக்க
நட்சத்திரம் வாசலுக்கு வரும்.
இதுவரை எவனும் இழுத்தடித்ததில்லை என்பதையும்
அவனே சொன்னான்.

சனிக்கிழமை, அடகுக்கடைத் தராசு.
மோதிரத்தின் அழுக்கைக்கூட நிறுக்கும்.
குறுகிய முனை மேலே இருக்க, சுவிட்சைப் போட்டான்.
எடை குறைந்தது.
கிராமில் நூற்றில் இரண்டு.
வட்டிக் கணக்கை விட்டு மிஸ் லாவ் எழுந்து வந்தாள்.
அரை நிமிடம்
நாங்கள் மூவரும் சூரியனைத் தாண்டி இருந்தோம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.
கவிழ்த்து வை, என்றேன்.
உதைப்பது நிஜமென்றால் இப்போது கூட வேண்டும்.

கவிழ்த்தான்.
குறைந்தது.
அதே இரண்டு.

தொட்டுப் பார்த்தேன், செம்பு சுட்டது.
சூட்டுக்காற்று மேலே போகிறது, வேறொன்றுமில்லை.
விசிறியைப் போட்டதும் எண்கள் பேயாட்டம் ஆடின.

எங்கள் டிவிஷனை விற்ற வருடம்
கம்பெனி வேகமாக முன்னே போனது.
பின்னால் விழுந்தது நூற்றுப் பதினான்கு குடும்பம்.
அந்தக் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை;
எந்தத் தராசிலும் நிறுத்துக்கொள்ளலாம்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
அவன் வீடு பதினேழாம் நம்பர்.

புதன் இரவு மறுபடி வந்தான்.
மோட்டார் சைக்கிளின் பின்னால்
ஏர்கோன் குழாயில் காற்றை உறிஞ்சும் பம்பு,
மூடி இறுக்கிய ஒரு பெரிய பிஸ்கட் தகரம்.
காற்றே இல்லையென்றால்
சூட்டுக்காற்று எப்படி ஏமாற்றும்?

தகரம் நசுங்கிவிடும் என்றேன்.
நசுங்கட்டும், அடுத்தது இரும்பு என்றான்.

மேடையில் ஏறி நின்றான், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு.
தொண்ணூறு கிலோ.
சீட்டில் சரக்கு என்ற இடத்தை
நிரப்பாமல் விட்டேன்.