அரைப்படியின் கடைவாய்ப்பல்

டப்பாவின் மேல் பழைய மசியில்
"மண்டை 31, வேலூர் ஜெயில், தூக்கு."
உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள்
அரைப்படி தருமலிங்கம்.

தாது வருஷப் பஞ்சத்தில்
பள்ளிகொண்டாவுக்கு மேற்கே ஒரு கஞ்சித்தொட்டி.
அகப்பை அவன் கையில்.
ஆளுக்கு ஒரு படி என்றது சர்க்கார்,
அரைப்படி ஊற்றினான்.
மிச்ச அரிசி இருட்டில் வண்டியேறியது.
வண்டியை மறித்த மூன்று பேரை
பாலாற்று மணலில் புதைத்தான்.
அந்த மூவருக்காகத்தான் கயிறு.
அரைப்படிக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

இன்றைக்கும் எங்கள் பக்கம்
தராசுத் தட்டை விரலால் தொடுகிறவனை
"என்னய்யா, தருமலிங்கம் கையா?" என்பார்கள்.
தருமம் என்று பெயர் வைத்தவள்
யாரென்று ஒருவரும் கேட்டதில்லை.

தூக்கிய மறுநாள் ஒரு துரை
கவராயத்தால் மண்டையை அளந்து
காதுக்கு மேல் புடைப்பு, ஆகவே பேராசை
என்று எழுதிவைத்திருக்கிறார்.
படித்துச் சிரித்தேன்.
சிரித்துவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டேன்.

தோட்டப்பாளையம் ஆய்வகத்துக்கு
இரண்டு கடிதம் வந்திருந்தது.
ஒன்று, சங்கத்திலிருந்து:
அவன் எங்கள் வகையறா இல்லையென்று
சான்று தரவும்.
இன்னொன்று, டி.வி. சேனலிலிருந்து:
கொலை ஜீன் இருந்தால்
ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிவிக்கவும்.

பல்லைத் துளைத்தால் வருவது ஒரு சிட்டிகை மாவு.
எந்தக் கஞ்சிக்கும் போதாது.

முதல் முடிவு ஒருவரோடு அச்சாகப் பொருந்தியது.
ஊழியர் எண் ஏழு.
நஸ்ரின், மேல்விஷாரம்.
நான்.

வெறும் தண்ணீர் வைத்த குழாயிலும் நானே இருந்தேன்.
"பேசிக்கிட்டே அரைச்சிருக்க, உன் எச்சில்மா" என்றார்
யோவேல் சார். அவ்வளவுதான் விஷயம்.
இருந்தாலும் அன்று டவுன் பஸ்ஸில்
இரண்டு கையையும் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.
வீட்டில் சோறு பரிமாறும்போது
நாத்தனாருக்கு ஒரு கரண்டி கூடவே போட்டேன்.

மறுபடி துளைத்தோம். வாயைக் கட்டிக்கொண்டு.

ஆண்.
பழுப்புக் கண்.
பால் குடித்தால் உப்புசம் வரும் வயிறு.
தாய்வழி?
காட்பாடியில் எந்த ரயில் பெட்டியில் ஏறினாலும்
பாதிப் பேருக்கு மேல் அதே கிளை.
டீ விற்கிற பையன், டிக்கெட் பரிசோதகர்,
மேல்பர்த்தில் குழந்தையை அணைத்துத் தூங்குகிறவள்.

சங்கத்துக்கு எழுதினோம்:
சாதிச் சான்றிதழ் தாசில்தார் ஆபீசில் கிடைக்கும்,
பல்லில் கிடைக்காது.

சேனலுக்கு எழுதினோம்:
ஏ, டி, ஜி, சி, நான்கே எழுத்து.
அகப்பை எந்த மட்டத்தில் நின்றது என்பது
அதில் இல்லை.

அப்புறம், நாங்கள் யாருக்கும் எழுதாத ஒன்று:
இது அவன் பல்தானா?
ஒட்டியிருக்கிற காகிதம்தான் சொல்கிறது.
உறுதி செய்ய வாரிசு ஒருவரின் ரத்தம் வேண்டும்.
பேப்பரில் விளம்பரம் கொடுத்தோம்.
நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை உள்ள ஊரில்
தருமலிங்கத்துக்கு மட்டும்
பேரன் பேத்தி ஒருவரும் இல்லை.

திருப்பி அனுப்பும் முன்
விளக்கின் கீழ் பல்லை உருட்டிப் பார்த்தேன்.
எனாமலில் குறுக்கே ஒரு பள்ளம்,
நகத்தால் தொட்டால் தட்டுப்படும்.
நாலைந்து வயதில்
கொஞ்ச காலம் வளராமல் நின்ற பல்.
பசியாயிருக்கலாம். காய்ச்சலாயிருக்கலாம்.
எந்த ஜீனும் சொன்னதில்லை இதை.

மன்னிக்க இது போதாது.
தொட்டிக்கு முன்னால் சட்டியோடு நின்ற
ஆயிரம் பேர் வாயிலும்
இதே பள்ளம் இருந்திருக்கும்.
அவர்கள் பல்லைப் பஞ்சில் சுற்றி
யாரும் எண் போடவில்லை.

படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.
'பிற குறிப்புகள்' என்ற இடத்தில்
சின்ன எழுத்தில் எழுதினேன்.
யோவேல் சார் படித்தார்.
அடிக்கவில்லை.