எட்டு மில்லி

சிலிம் ரிவர் கிளினிக்
ஏழரைக்குத்தான் திறக்கும்.
அதற்கு முன்பே வந்து நிற்கும் மோட்டார்கள்
என் கெப்சாயோடு பதினொன்று.
யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.
செம்பனைக் குலை ஏற்றிப் போன லாரி
வளைவில் சிந்திய பழங்களைப்
பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஜீவேந்திரன் என்று கூப்பிட்டதும்
வகுப்பில் பெயர் சொன்னதுபோல்
எழுந்து போகிறான் என் தம்பி.
வயது முப்பத்தொன்று.
சின்னக் கப்பில் எட்டு மில்லி மருந்து,
மேலே கொஞ்சம் தண்ணீர்.
குடித்ததும் மிஸ்ஸி சொல்வார்:
புக்கா மூலுட்.
வாயைத் திறந்து
நாக்கைத் தூக்கிக் காட்டுகிறான்.
கடைவாயில் இரண்டு பற்கள் இல்லை.
ஒரே வீட்டில் இருக்கிறோம்.
எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

முன்பெல்லாம் எண்ணிக்கொண்டே இருப்பேன்.
கரண்டிகளை.
குளியலறையில் அவன் இருக்கும் நிமிடங்களை.
கைப்பையில் ஐம்பது வெள்ளி
மூன்றா, இரண்டா.
கேஸ் சிலிண்டருக்குச் சங்கிலி போட்டேன்.
என் கழுத்துச் சங்கிலி அடகில் கிடந்தது.
என்னைக் கண்டாலே தவுக்கே
காற்றாடியை என் பக்கம் திருப்பி வைப்பார்.
மூன்று தடவை மீட்டேன்.
நான்காம் ரசீது
சாமி படத்துக்குப் பின்னால் கிடக்கிறது,
காலாவதியாகி.

காவடி எடுக்கச் சொன்னார் கோயில் தலைவர்.
எடுத்தான். மூன்று மாதம் தாங்கியது.
தலைமுழுகு என்றார் சித்தப்பா.
'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?'
என்று கேட்டார் பக்கத்து வீட்டு இந்திராணியக்கா.
உங்கள் சர்க்கரைக்குத் தினமும் ஊசி போடுகிறீர்களே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் கையில் எங்களுக்கான சாம்பார் கிண்ணம்.
வாங்கிக்கொண்டேன்.

டயர் கடைக்காரன் எண்ணூறு வெள்ளி கேட்டு வந்தபோது
ஓவர்டைம் காசைக் கொடுத்தேன்.
அடுத்த மாதமும் வந்தான்.
விளக்கை அணைத்துவிட்டு
கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
அறைக்குள் தம்பி. வெளியே அவன்.
நடுவில் நான், மூச்சுவிடாமல்.
அது இரக்கமா, இரக்கம் செத்துப்போனதா,
இன்றைக்கும் தெரியவில்லை.
மறுநாள் அவனே கேட்டான்,
'கிளினிக்ல பேர் கொடுக்கணும், வர்றியா?'

மழைக்கு ஒதுங்கிய பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் சொன்னான்:
'சொகத்துக்கு எடுக்கறேன்னு நெனைக்கிற.
அது மொத வருசந்தான்க்கா.
அப்புறம் எல்லாம்
சும்மா நேரா நிக்கிறதுக்கு.'
பதினாறு வருசத்தில்
என்னிடம் அவன் சொன்ன
பொய்யில்லாத முதல் வாக்கியம் அது என்று நினைக்கிறேன்.
நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள்.
கேட்டேன். அவ்வளவுதான்.

தீபாவளிக்கு மறுநாள் போனவன்
மூன்று நாள் வரவில்லை.
கையுறைத் தொழிற்சாலையில், வரிசையில் நின்றபடி,
கேட்க வேண்டியதை எல்லாம்
மனப்பாடம் செய்தேன்.
நான்காம் இரவு வாசலில் நின்றான்.
செருப்பு கையில்.
என் வாயில் வந்தது:
'ஹெல்மெட் எங்கடா?'
விற்றிருந்தான்.

காலையில் என்னுடையதை
அவன் தலையில் மாட்டினேன்.
முச்சந்தியில் போலீஸ் நிற்கும்,
எஸ்டேட் மண்சாலை வழியாகப் போனோம்.
பின்னால் அவன் உடம்பு
இஞ்சினோடு சேர்ந்தும் சேராமலும் நடுங்கியது.
ஒருவர்மேல் ஒருவர் விழாமல் இருக்க
அவன் என் தோளைப் பிடித்திருந்தான்.
அல்லது விழாமல் இருக்க நான் அவனை.

மூன்று நாள் விட்டதால்
எட்டு இல்லை இனி.
டாக்டர் எழுதினார்: நான்கு.
மறுபடியும் அடியிலிருந்து.
மிஸ்ஸி திட்டவில்லை.
கப்பை நீட்டினார்.
குடித்தான்.
புக்கா மூலுட்.

கவுண்டர் கண்ணாடியில் பார்த்தேன்,
என் வாயும் திறந்திருந்தது,
பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவளுடையதைப் போல.

எட்டு ஐந்துக்குத் தொழிற்சாலை பஸ்.
மோட்டார் இரண்டு உதைக்கு மசியவில்லை.
'தள்ளு' என்றேன்.
தள்ளினான்.