எதிர்ப்பல்

பைக்குக்குப் பின்னால் போகத் தெரியாது.
தெரிய வேண்டியதும் இல்லை,
காலை ஊன்றித் தள்ளினால் போதும்.
அதன் எஞ்சினைப் பிடுங்கி
நானூற்றைம்பது கிலோ குழாய்க் கூண்டில் வைத்தால்
தள்ள நாலு ஆள் வேண்டும்,
நாலு பேரும் மணலில் முழங்கால் வரை.

போன ஜூனில், வால்விஸ் பேக்குத் தெற்கே,
ஹாஃபேனி ஒரு மணற்குன்றின் உச்சியைத் தாண்டி
மறுபக்கக் குழியில் மூக்கைச் செருகினான்.
ஆறு கியர். ஆறும் முன்னே.
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தான்,
ஏதாவது ஒன்று மனம் மாறியிருக்குமோ என்று.
கடலிலிருந்து மூட்டம் ஏறி வரும் வரை
மண்வெட்டியால் தோண்டினோம்.
"ஒரு பெட்டி கட்டு" என்றான்.
வீடு வரை வேறெதுவும் பேசவில்லை.

நான் மத்தி டின் ஆலையில் கன்வேயர் ஃபிட்டர்.
பெட்டி என்றால் எனக்குப்
பத்து மில்லி அலுமினியத் தகடு இரண்டு,
இரண்டு தண்டு, நாலு பேரிங்.
ஆலையில் கழித்துப் போட்டதிலிருந்து
பதினேழு பல் சங்கிலிச் சக்கரம் ஒரு ஜோடி.
எத்தனை முறை டீசலில் கழுவினாலும்
சூடேறினால் மீன் வாடை.

கணக்கு சின்னதுதான்:
சங்கிலி பூட்டிய இரு சக்கரம்
ஒரே பக்கம் சுற்றும்.
பல்லோடு பல் கோத்தவை
ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம்.
இரண்டு ஜோடியையும் அதே இரு தண்டில் ஏற்றி
நடுவில் நழுவும் வளையம் ஒன்று வைத்தால்
எந்த ஜோடி வேலை செய்வது என்று
அது முடிவு செய்யும்.

காகிதத்தில் அப்படி.
பற்சக்கரம் கேட்கும் இடைவெளியில்
சங்கிலி அரைக் கண்ணி நீளம்;
ஒரு கண்ணி கழற்றினால் அரைக் கண்ணி குட்டை.
மூன்று இரவு.
நாலாம் இரவு, மீன் வெட்டும் பலகையிலிருந்து
ஒரு நைலான் துண்டு அறுத்து
சங்கிலியின் தொய்வான முதுகில் அழுத்தி வைத்தேன்.
அடங்கியது.

பற்றவைக்க லிடா லோப்சர் வந்தாள்.
முகமூடி இறங்கியிருக்கும்போது பேசமாட்டாள்,
தூக்கினால் நிறுத்தமாட்டாள்.
"ஒரே பக்கம் சுற்றினால் சங்கிலிக் கல்யாணம்,
எதிர்ப்பக்கம் சுற்றினால் பல் கல்யாணம்,
இரண்டிலும் வண்டி ஓடும்" என்றாள்.
இரண்டு முறை கல்யாணம் செய்தவள்.
எது எந்த வகை என்று
நாங்கள் கேட்கவில்லை.

முதல் ஓட்டம், பட்டறை வாசலில்.
நெம்புகோல் முன்னே, முதல் கியர்,
கிளட்சை விட்டான்.
வண்டி பின்னால் பாய்ந்து
கம்ப்ரஸரைக் கட்டிப்பிடித்தது.
இரண்டாம் கியர், இன்னும் வேகமாய்ப் பின்னால்.
டிஃபரன்ஷியலைத் தலைகீழாய் மாட்டியிருந்தேன்.
பின்னே போகத் தெரியாத வண்டிக்கு
இப்போது ஆறு ரிவர்ஸ்.
"கைப்பிடியில் எழுத்தை மாற்றி எழுது, முடிந்தது"
என்று லிடா சிரித்தாள்.
முடியாது.
எதிர்ப்பல் அவ்வப்போது உழைக்கத்தான்;
நாளெல்லாம் பாரம் ஏற்றினால் ஊளையிடும்,
அறுவடைக்கு வந்த சோளம் மாதிரி
பல் உதிரும்.
விடியும் வரை அச்சைப் புரட்டினேன்.
கியர் ஆயில் முழங்கை வழியே
அக்குளுக்குப் போனது.

சனிக்கிழமை அதே குன்று.
ஹாஃபேனி வேண்டுமென்றே மூக்கைச் செருகினான்.
நெம்புகோல் பின்னே. டக்.
பல்லின் சீழ்க்கையோடு
தன் தடத்தின் மேலேயே ஏறி வந்தது,
எங்கள் பக்கத்தில் வந்தது,
எங்களைத் தாண்டியது.
பின்னால் பார்த்து ஓட்ட
அவன் எங்கே பழகினான்?
உச்சியைக் கடந்து, கத்திக்கொண்டே,
இந்தப் பக்கச் சரிவில் இறங்கி
வாலைச் செருகி நின்றான்.

மண்வெட்டிக்கு ஓடினோம்.
தேவைப்படவில்லை.
முதல் கியர், முன்னே.

மூட்டத்துக்குள்ளிருந்து
வண்டிக்கு முன்பே
மத்தி வாடை வந்தது.