நீல மூடி

இரண்டு விதக் குப்பிகள் அனுப்பியிருந்தார்கள்.
மஞ்சள் மூடி, நீல மூடி.
ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர்,
மற்றதில் வெறும் தண்ணீர்.
எது எதுவென்று எனக்குத் தெரியக் கூடாது,
டாக்டர் கேத்கருக்கும் கூடாது.
புனேயில் ஒரு பீரோவுக்குள் கிடக்கும்
ஒட்டிய உறைக்கு மட்டும் தெரியும்.

குழந்தைக்கு எப்படியும் தெரியப் போவதில்லை.
பிறந்து நான்கு நாள்.
ஆயிரத்து எண்ணூறு கிராம்.
பெயர்கூட இன்னும் 'ருக்சார் கா பேபி'தான்.
மருந்து என்றால் என்ன,
இனி வலிக்காது என்று ஒருத்தி சொன்னால்
அதை எப்படி நம்புவது,
ஒன்றும் படித்துக்கொள்ளவில்லை அது.
இதுகளிடம் ஏமாற்று வேலை பலிக்காது என்று
கூட்டத்தில் சொன்னார்கள்.
நானும் குறித்துக்கொண்டேன்.

அன்றைக்கு நீல மூடி.
நாக்கு நுனியில் இரண்டு சொட்டு,
இரண்டு நிமிடக் காத்திருப்பு.
அதற்குள் கோவண்டி ஸ்டேஷனில்
ஒரு வண்டி வந்து, நெருக்கி அடைத்துக்கொண்டு, போய்விட்டது.
பிறகு குதிகாலில் ஊசி.
புருவம் சுருங்கியதா, கண் இறுகியதா,
மூக்கோரம் மடிப்பு விழுந்ததா,
முப்பது நொடிக்கு மார்க் போட வேண்டும்.
எல்லாவற்றுக்கும் போட்டேன்.

மிச்சம் இருக்கா சிஸ்டர், என்றாள் ருக்சார்.
கையெழுத்து வாங்கும்போதே
தண்ணீராகவும் இருக்கலாம் என்று
இந்தியில் இரண்டு முறை சொல்லியிருந்தேன்.
குப்பியின் அடியைச் சுண்டுவிரலால் தொட்டு
நாக்கில் வைத்தாள்.
முகம் கோணிற்று.
'கட்வா ஹை,' என்றாள்.
கசக்கிறது. அப்படியானால் நல்ல மருந்துதான்.

இனிக்கிறது என்று சொல்லியிருந்தால்
என் ஆராய்ச்சி அங்கேயே படுத்திருக்கும்.
சர்க்கரையாக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம்.
கசப்பதற்கு இந்த வார்டில்
எந்த மூடிக்குக் கீழும் ஒன்றுமே கிடையாது.

ஆனால் காதுவரை ஏறியிருந்த அவள் தோள்கள்
இறங்கின.
நைட்டியின் ஊக்கைக் கழற்றிப்
பிள்ளையை வெறும் மார்பில் போட்டுக்கொண்டு
நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.
அந்த மூச்சில் ஏறி
அந்த மூச்சிலேயே இறங்கிக்கொண்டிருந்தது அது.
மூக்கோரத்து மடிப்பு
எப்போது அவிழ்ந்ததென்று நான் பார்க்கவில்லை.
முப்பது நொடி
எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

மறுநாள் மஞ்சள் மூடி.
தட்டை எட்டிப் பார்த்தாள் ருக்சார்.
'நேற்றைய நீலம் இல்லையா?'
தோள்கள் மறுபடி காதை நோக்கிக் கிளம்பின.

மூடியைத் திருகிக் கழற்றி
உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன்.
இதுவும் கசக்குமா, என்றாள்.

ரொம்ப, என்றேன்.