முழுக்கக் கரியுமில்லை

செம்பனைக் கொட்டை ஓட்டைக் கரியாக்கி
களிமண்ணும் சிலிக்காவும் பிசைந்து
மறுபடி சுட்டேன்,
மூடிக்கிடந்த ரப்பர் புகைக்கூண்டில்.
முழுக்கக் கரியுமில்லை, முழுக்க மண்ணுமில்லை.
“இது என்ன சாதி?” என்று சிரித்தான் தெய்வீகன்.
பதிலுக்கு அவன் உள்ளங்கையில்
ஒரு சிட்டிகை வைத்தேன்.
இதன் துளைகளை விரித்துப் போட்டால்
சிலிம் ரீவர் பந்துத் திடலில்
பாதி வரும் என்றேன்.
நம்பவில்லை.
அந்தத் திடலில் கோல் காப்பவன் அவன்,
அளவு தெரியும்.

பகலில் பாத்திக் பட்டறையில் சாயம் கலக்குவான்.
பின்கட்டு லோங்காங்
திங்கள் சிவப்பு, புதன் பச்சை,
தவுக்கேக்குக் கல்யாண ஆர்டர் வந்தால்
ஒரு வாரம் மஞ்சள்.

ஊறுகாய்ப் போத்தலில் நீலத்தை மொண்டு வந்தான்.
ஒரு கரண்டி போட்டுக் குலுக்கினோம்.
மழை பிடித்து, கரண்டு போய்,
கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தபோது
போத்தலுக்கு அந்தப் பக்கம்
அவன் மூக்கு தெரிந்தது.

“சாயம் எங்க போச்சு?”

அடியில் தூள், அதே கறுப்பு.
எவ்வளவு குடித்தது என்று காட்டிக்கொள்ளாத கறுப்பு.
போகவில்லை, உள்ளேதான் இருக்கு.
ஸ்பிரிட்டில் அலசினால் கக்கும்,
மறுபடி குடிக்கும்,
மூன்றாம் தடவை சுணங்கும்.
அதற்குமேல் நோட்டில் நான் எழுதவில்லை.

விரலைத் தூளில் விட்டுத் தேய்த்தான்.
நகக்கண் நீலம் அப்படியே.

சுணங்கிப்போன தூள் இரண்டு மூட்டை.
எங்கே கொட்டுவது என்று
பஞ்சாயத்திலும் கேட்கவில்லை, தவுக்கேயும் கேட்கவில்லை.
வீட்டு வாசலில் இருக்கிறது.
நனையாமல் இருக்கத்
தார்ப்பாய் போட்டிருக்கிறேன்.