மோதிர விரல்

கடாம்புலியூர் ரேஷன் கடை வாசலில்
பணம் தருகிற மெஷின் என்னை மூன்று தடவை மறுத்தது.
"கையை நல்லா கழுவிட்டு வாக்கா" என்றாள் மெஷின்காரப் பெண்.
சாம்பல் போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன்,
எலுமிச்சை மூடி நார் நாராகும்வரை தேய்த்தேன்.
பன்னிரண்டு வருஷம் முந்திரி உடைத்த கை.
கொட்டை எண்ணெய் ரேகையைத் தின்றுவிட்டது.
அஞ்சலாட்சி நான்தான் என்று சொல்ல
என்னிடம் விரல் இல்லை.

அதனால் கார்டு வாங்கினோம்.
கார்டு அவர் சட்டைப்பையில், பீடிக்கட்டுக்குப் பின்னால்.
ரகசிய எண், அவர் வண்டி நம்பர்.
மெசேஜும் அவர் போனுக்கே வரும்.
எட்டுநூறு தருவார், சில மாதம் ஏழுநூறு.
பிறகு பால்காரரிடம் சொல்லிவிட்டார்:
"இனிமே அவகிட்ட வாங்கிக்க,
அவளுக்குத்தான் கவர்மெண்டு தருதே."
மளிகைக்கும் அதே பேச்சு.
ஒரு ஆயிரம் உள்ளே வந்த வாசல் வழியே
அவர் தந்துகொண்டிருந்த ஆயிரம் வெளியே போனது.
ஊரில் கேட்டால், ஆமாம்,
எனக்குப் பணம் வருகிறது.

கார்த்திகையில் விடாத மழை.
கொட்டை காயவில்லை; கம்பெனி ஒன்றரை மாதம் மூடல்.
கூலி இல்லாத கையில்
மெல்லத் தோல் வளர்ந்தது.
ஒரு பதினைந்தாம் தேதி, விடிந்ததும் போய்
ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தேன்.
கட்டைவிரல் இல்லை. ஆள்காட்டி இல்லை.
மோதிரம் அடகில் இருக்கிற விரலுக்கு
மெஷின் பச்சை காட்டியது.

மத்தியானம் நனைந்துகொண்டே ஓடி வந்தார்,
போனை நீட்டியபடி:
"ஆயிரத்தை யாரோ எடுத்துட்டான்!"
"யாரோ இல்ல. நான்."
"சொல்லிட்டு எடுக்கறதில்லையா?"
பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டு அரிசி களைந்தேன்.

தை பிறந்து கம்பெனி திறந்தது.
கையுறை மாட்டினால் வேகம் போகும்,
கிலோவுக்குத்தான் கூலி.
ஒரு ஜோடி வாங்கி, ஒரு விரலை மட்டும் கத்தரித்து
மோதிர விரலில் மாட்டிக்கொண்டேன்.
பக்கத்தில் உடைக்கும் மங்கவரம் சிரித்தாள்.
மறுநாள், மீதி விரல் இருக்கா என்றாள்.

நேற்று ராத்திரி
கதவைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:
"பெட்ரோலுக்கு ஒரு நூறு இருக்குமா?"
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசிக்க ஒன்றும் இல்லை.
இருந்தாலும்
சோறு வேகிற வரைக்கும் யோசித்தேன்.